கிரேக்கக் கதை நட்சத்திரத் தட்டு: மலையகத்தில் வாங்குபவர் முதலில் கத்தரிக்கோல் எடுக்கவேண்டும்

கண்டியிலும் நுவரெலியாவிலும் புத்தகக் கடைகளில் 1,850 ரூபாவுக்குக் கிடைக்கும் இந்தப் பெட்டிக்குள் 32 செ.மீ. அகலத்தில் ஒரு சுழலும் நட்சத்திரத் தட்டும், கிரேக்கத் தெய்வங்களையும் வீரர்களையும் பற்றிய 48 பக்கச் சிறுநூலும் இருக்கின்றன. உயர்தரத்தில் கிரேக்க உரோம நாகரிகம் எடுத்த பிள்ளைகளுக்குக் கதைகளை வானத்திலேயே காட்டலாம் என்பதுதான் இதன் கவர்ச்சி. தட்டை வாங்கலாம். ஆனால் பெட்டியிலிருந்து எடுத்தபடியே அட்டனிலோ பண்டாரவளையிலோ தலைக்கு மேல் பிடித்தால் படமும் வானமும் ஒத்துவராது.

காரணம் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கிறது: 40 பாகை வட அகலாங்கு. ஏதென்ஸ் 38 பாகையில் இருப்பதால் கதை பிறந்த நாட்டுக்கு இந்தத் தட்டு நன்றாகவே பொருந்தும். நுவரெலியா இருப்பது 7 பாகையில். துருவ நட்சத்திரம் ஏதென்ஸில் வானத்தின் பாதி உயரத்துக்குக் கொஞ்சம் கீழே நிற்கும். இங்கே நீட்டிய கையின் ஒரு முஷ்டி உயரம்கூட வராது, பெரும்பாலான தோட்டங்களில் எதிர்மலை அதை மறைத்துவிடும். எனவே வானத்தைக் காட்டும் திறப்பான சாளரத்தின் வடபகுதி காட்டும் பல நட்சத்திரங்கள் நமக்கு அடிவானத்துக்குக் கீழே இருக்கின்றன. தென்பகுதியிலோ நாம் பார்க்கக்கூடியவை வெட்டுப்பட்டுப் போயிருக்கின்றன.

இதைத் திருத்துவது சுலபம், ஏனென்றால் இந்தத் தட்டில் ஒரு பாகைக்குச் சரியாக ஒரு மில்லிமீற்றர் இடம் விட்டிருக்கிறார்கள். நடு ஆணியிலிருந்து சாளரத்தில் ‘தெற்கு’ என்று எழுதிய இடத்துக்கு ஒரு கோடு போடுங்கள். பாகைமானியை ஆணியில் வைத்து, அந்தக் கோட்டிலிருந்து இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அளந்து புள்ளி வையுங்கள். 82 பாகையில் ஆணியிலிருந்து 139 மி.மீ., 85இல் 125, 90இல் 90, 95இல் 55, 100இல் 35, 120இல் 14. நேர் வடக்கே, அதாவது 180 பாகையில், 7 மி.மீ. மட்டும். புள்ளிகளை இணைத்தால் ஏறக்குறைய அரைவட்டம் வரும். அதுதான் மலையகத்தின் வானம். புள்ளிகளை இணைத்த வளைகோட்டுக்குத் தெற்கே மிஞ்சியிருக்கும் மூலைகளை வெட்டி எடுங்கள், வடக்கே திறந்திருக்கும் பகுதியைக் கறுப்பு அட்டையால் மூடுங்கள்.

இங்கே பலர் தவறுவது ஒன்று உண்டு. மூலைகளை வெட்டியதும் மணி எழுதிய வளையம் ஒடுங்கிய பட்டையாக மட்டும் மிஞ்சி, இரண்டு நாளில் மடிந்துவிடும். வெட்டுவதற்கு முன்பே உட்பக்கத்தில் ஏ4 அளவு ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளை ஒட்டிவிட்டால் அந்தச் சேதம் வராது. அரைவட்டம் முழுவதும் அதற்குள் அடங்கும். வேலை சரியா என்று பார்க்க நவம்பர் 15, இரவு 9 மணிக்குத் தட்டைத் திருப்புங்கள். சப்தரிஷி மண்டலத்தின் ஏழு நட்சத்திரங்களில் ஒன்றும் தெரியக்கூடாது. வெட்டாத தட்டில் ஏழும் தெரியும். நேரத் திருத்தம் என்று பார்த்தால், நமது மணிக்கூடு 82.5 பாகை நெட்டாங்குக்கு ஓடுவதால் ஆறிலிருந்து எட்டு நிமிடம் வரை வித்தியாசம் வரும். அதைக் கணக்கில் எடுக்கத் தேவையில்லை.

அந்த ஏழு நட்சத்திரங்களில்தான் சிறுநூல் எழுதாமல் விட்ட முக்கியமான விடயம் இருக்கிறது. கிரேக்கருக்கு அந்த ஏழும் ஒரு பெருங்கரடியின் பகுதி. ஸியூஸ் விரும்பிய கலிஸ்தோ கரடியாகி வானம் ஏறினாள். ஸியூஸின் மனைவி ஹீராவின் கோபம் அங்கும் விடவில்லை, கரடி கடலில் இறங்கி நீராடக்கூடாது என்று தடை வாங்கினாள். ஹோமரும் கரடி ஒன்றுதான் உலகைச் சூழ்ந்த நீரான ஓக்கியானோஸில் நீராடாதது என்று பாடுகிறார். அவர் காலத்துக் கிரேக்க வானத்தில் அது கண்ணால் கண்ட உண்மை, சப்தரிஷி அப்போது அங்கே மறைந்ததே இல்லை. நம் வானத்தில் அது உதித்து முழுவதும் மறையும். அரசி கசியோப்பியாவின் நட்சத்திரக் கூட்டமும் அப்படியே. கடற்கன்னியரான நெரெயிட்களைவிட அழகு என்று பெருமை பேசியதற்குத் தண்டனையாக அவள் பாதி நேரம் துருவத்தின் கீழே தலைகீழாகச் சுற்றவேண்டும். டிசம்பர் நடுவில் இரவு 7 மணிக்கு வடக்கே பார்த்தால் அரசி நிமிர்ந்தே இருப்பாள். தலைகீழ்ப் பாதி நமக்கு அடிவானத்துக்குள் போய்விடுகிறது. இந்தக் கதைகள் எந்த அகலாங்கில் பிறந்தவை என்று சொல்லாமல் பிள்ளையிடம் கொடுத்தால், பிள்ளை கதையைச் சந்தேகிக்கும், அல்லது வானத்தைச் சந்தேகிக்கும்.

நமக்குக் கூடுதலாகக் கிடைப்பதும் உண்டு. கிரேக்கத்தில் தெற்குப் பார்த்து நின்றால் பெகாசஸ் கால்கள் மேலே இருக்கத் தலைகீழாய்த் தெரியும் குதிரை. மலையகத்தில் அது உச்சிக்கு வடக்கால் கடப்பதால், வடக்கு நோக்கி நின்றால் நேராகப் பறக்கும். ஹெராக்கிளீஸும் அப்படித்தான். ஜூலை நடுவில் இரவு 9 மணிக்கு வடக்கே தலை மேலாக மண்டியிட்டிருப்பான், காலடியில் டிராக்கோ என்ற நாகத்தின் தலை.

ஆனால் ஜூலையில் அட்டன், மஸ்கெலியாப் பக்கம் தென்மேற்கு மழையும் மூட்டமும் விடாது. அப்போது ஊவாப் பக்கத்தில் கச்சான் காற்று வீசி வானம் திறந்திருக்கும். ஹெராக்கிளீஸ் பதுளை, பண்டாரவளைக்காரருக்கு உரியவன் என்றே சொல்லலாம். மேற்குச் சரிவில் இருப்பவர்கள் பெப்ரவரி, மார்ச்சுக்குக் காத்திருந்தால் அவன் வென்ற மூன்று பகைகளை ஒரே பார்வையில் பிடிக்கலாம்: நெமியாச் சிங்கம், பல தலை ஹைட்ரா, அந்தச் சண்டையில் அவன் காலைக் கவ்வ ஹீரா அனுப்பிய நண்டு. மார்ச் கடைசியில் இரவு 9 மணிக்கு மூன்றும் உயரே அருகருகே நிற்கும். பெக்டரி வெளிச்சம் நேரே விழாத இடத்தில் நின்று, டோர்ச்சில் சிவப்புக் கண்ணாடித் தாள் சுற்றி, கண் பழக அரை மணித்தியாலம் கொடுங்கள். நண்டு மிகவும் மங்கல்.

சிறுநூலைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்லவேண்டும். ஹெராக்கிளீஸின் பணி பத்திலிருந்து பன்னிரண்டானதற்குக் காரணத்தை ஒழுங்காகத் தந்திருக்கிறார்கள். ஹைட்ராவைக் கொல்ல இயோலாஸ் உதவினான், ஔகியாஸின் தொழுவத்தைக் கழுவ ஹெராக்கிளீஸ் கூலி பேசினான் என்று, பணிகளை ஏவிய மன்னன் யூரிஸ்தியூஸ் இரண்டைத் தள்ளிவிட்டான். பல நூல்கள் இதை விட்டுவிடும்.

ஆனால் 19ஆம் பக்கத்தில் பெர்சியூஸ் பெகாசஸில் ஏறி வந்து அந்திரோமெடாவை மீட்கிறான். இது பிழை. பெர்சியூஸ் பறந்தது சிறகுப் பாதணியில். மெடூசாவின் வெட்டுண்ட கழுத்திலிருந்து பிறந்த பெகாசஸை அடக்கி ஏறியவன் பெல்லெரோபோன். பெயர்களும் கலந்து கிடக்கின்றன. ஒரே பத்தியில் தந்தை ஜுபிட்டர் (ஸியூஸின் உரோமப் பெயர்), பகைத்தவள் ஹீரா. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை கிரேக்கப் பெயரையும் உரோமப் பெயரையும் இப்படிக் குழப்பி எழுதினால் புள்ளி போகும். கொடுப்பதற்கு முன் பேனையால் திருத்திக் கொடுங்கள். மெடூசாவின் தலையாகிய அல்கோல் நட்சத்திரத்துக்குப் படம் மட்டும் இருக்கிறது. இரண்டு நாள் இருபத்தொரு மணித்தியாலத்துக்கு ஒருமுறை அது வெறும் கண்ணுக்கே தெரியும்படி மங்கி மீளும் என்ற ஒரு வரி சேர்த்திருந்தால், பிள்ளைகள் ஜனவரி முழுவதும் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அட்டையின் தரம் நடுத்தரம். முன்பக்கத்துக்கு மட்டும் பிளாஸ்டிக் பூச்சு கொடுத்திருக்கிறார்கள். மூட்டத்தில் பின்பக்கம் ஈரம் குடித்து ஊதி, தட்டு கிண்ணம் மாதிரி வளைந்து, ஆணி இறுகிவிடும். பின்பக்கத்துக்கும் ஒட்டும் பொலித்தீன் போட்டால் போதும்.

போடுவதற்கு முன் அந்த வெற்றுப் பின்பக்கத்தில் ஒரு படம் வரைந்துகொள்ளுங்கள். தட்டு வான நடுக்கோட்டுக்குத் தெற்கே 50 பாகையோடு முடிகிறது, என்ன வெட்டினாலும் அதற்குக் கீழே உள்ளவை வராது. ஜேசனின் ஆர்கோக் கப்பலின் கீழ்ப்பகுதி அங்கேதான் இருக்கிறது. கிரேக்கர் அதன் சுக்கானில் வைத்த பிரகாசமான நட்சத்திரம் கனோபஸ், நம் அகத்தியர். அது இன்றும் ஏதென்ஸின் அடிவானத்துக்கு மேலே எழுவதில்லை. பெப்ரவரி முதற்பாதியில் இரவு 9 மணிக்கு நேர் தெற்கே, மூன்று முஷ்டி உயரத்தில், எதிர்மலைக்கு மேலே நிற்கும்.