எஃப்டி8-க்கு லேப்டாப் ஜாக்கா, யுஎஸ்பி டாங்கிளா, ரேடியோ ரிக்கின் உள்கார்டா?

பாளையங்கோட்டை மொட்டை மாடியில் கம்பி கட்டி 7.074 மெகாஹெர்ட்ஸைத் திறந்தால் எஃப்டி8 (கம்ப்யூட்டர் வழியே குறுஞ்செய்தி பரிமாறும் அமெச்சூர் ரேடியோ முறை) ஊதுவது காதில் தெளிவாக விழும். திரையில் மட்டும் ஒரு கால்சைன்கூட (நிலையத்தின் அடையாளப் பெயர்) வராது. ஆன்டெனாவை இறக்குவதற்கு முன்னால், ஒலி எந்த வழியாகக் கம்ப்யூட்டருக்குள் போகிறது என்று பாருங்கள்.

மலிவான வழி லேப்டாப்பின் ஹெட்செட் ஜாக். ஒரு கேபிள்தான் செலவு. தொல்லையும் இதில்தான் அதிகம். அந்த மைக் வழி மனிதக் குரலுக்காகச் செய்யப்பட்டது. ஒரே சீராக ஒலிக்கும் எஃப்டி8 தொனியை, மின்விசிறி இரைச்சல் என்று எண்ணி விண்டோஸின் 'ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்' அமுக்கிவிடக்கூடும். அதை அணையுங்கள். மைக் பூஸ்ட்டைப் பூஜ்யத்துக்கு இறக்கி, சாம்பிள் ரேட்டை 48000 ஆக்குங்கள். விண்டோஸில் மைக்ரோபோன் அனுமதி மூடியிருந்தாலும் எஃப்டி8 மென்பொருளின் ஒலி மீட்டர் அசையாது. சார்ஜர் செருகியதும் ஹம் வந்தால் அது எர்த் லூப்பாக (ரிக்கும் கம்ப்யூட்டரும் இரு வழியாக எர்த் ஆவதால் வரும் இரைச்சல்) இருக்கலாம். ஒலி வரும் வழியிலும் போகும் வழியிலும் ஒவ்வொன்றாக 600 ஓம் 1:1 டிரான்ஸ்பார்மர் இரண்டு போட்டால் பெரும்பாலும் அடங்கும்.

என் ஓட்டு சில நூறு ரூபாய் யுஎஸ்பி டாங்கிளுக்குத்தான், அதாவது யுஎஸ்பியில் செருகும் சின்னச் சவுண்ட் கார்டுக்கு. மைக் வழி மோனோதான், எஃப்டி8-க்கு அது தாராளம். பெரிய லாபம், ரேடியோவின் ஒலியும் கம்ப்யூட்டரின் ஒலியும் பிரிந்துவிடுவது. ஆனால் செருகியவுடன் விண்டோஸ் இதையே டீஃபால்ட் ஆக்கிக்கொள்ளும். வாக்ஸ் (ஒலி வந்ததும் ரிக்கைத் தானாக அனுப்ப வைக்கும் வசதி) போட்டிருந்தால் மெயில் வந்த 'டிங்' சத்தமும் வானேறும். டீஃபால்ட்டை லேப்டாப் ஸ்பீக்கருக்கே திருப்பிவிட்டு, எஃப்டி8 மென்பொருளான டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸில் மட்டும் டாங்கிளைத் தேர்ந்தெடுங்கள். மைக் அமைப்பில் ஏஜிசி (ஒலியளவைத் தானே ஏற்றி இறக்கும் வசதி) டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். வேறு போர்ட்டில் செருகினால் புதுப் பெயரோடு, பழைய அமைப்பை மறந்து வரலாம். எனவே ஒரே போர்ட்டைப் பிடித்துக்கொள்வது நல்லது. டிரான்ஸ்பார்மர் இங்கும் வேண்டும்.

ஐசி-7300 மாதிரி, சவுண்ட் கார்டு உள்ளேயே இருக்கும் ரிக் கையில் இருந்தால் பேச்சே இல்லை. ஒரே யுஎஸ்பி கேபிளில் ஒலியும் கட்டுப்பாடும் வந்துவிடும். கேபிள் வழியே ஆர்எஃப் (நாம் அனுப்பும் ரேடியோ அலை) ஏறினால் ஃபெரைட் வளையம் மாட்டுங்கள். ஆனால் உள்கார்டுக்காகவே புது ரிக் வாங்குவது வீண் செலவு. அந்தக் காசில் நல்ல ஆன்டெனா போடலாம்.

இங்கே ஒரு வேடிக்கை. 48000 சாம்பிள் ரேட்டில் சவுண்ட் கார்டு 24 கிலோஹெர்ட்ஸ் வரை உணரும். நம் விஜயநாராயணம் கடற்படை நிலையத்தின் 18.2 கிலோஹெர்ட்ஸ் ரேடியோ சிக்னல் அந்த எல்லைக்குள்தான் வருகிறது. நீளக் கம்பியை நேரே கார்டில் இணைத்து அதைத் தேடிப் பார்க்கலாம், இடி மழை நாளில் மட்டும் வேண்டாம்.

அப்புறம், எந்த வழியானாலும் சிக்னல் இல்லாத இரைச்சலில் மீட்டர் 30 டெசிபல் அருகே நிற்கட்டும். வாட்டர்ஃபாலில் (சிக்னல்களைக் கோடுகளாகக் காட்டும் திரை) கோடு தெரிந்தும் டீகோட் ஆகாவிட்டால் ஒலியைக் குறை சொல்லாமல் கடிகாரத்தைப் பாருங்கள். பிழை ஒரு நொடிக்குள் இருக்க வேண்டும்.

அனுப்பும்போது ஏஎல்சி (மிஞ்சிய ஒலியை ரிக் அடக்குவதைக் காட்டும் மீட்டர்) அசையாத அளவுக்கு ஒலியைக் குறையுங்கள். மிஞ்சினால் 800 ஹெர்ட்ஸ் தொனிக்கு 1600-லும் 2400-லும் நிழல் விழும். 1500-க்கு மேல் தொனி வைத்தால் அந்த நிழல்கள் 3000-ஐத் தாண்டி ரிக்கின் ஃபில்டரில் அடைபட்டுவிடும். 15 நொடிச் சுற்றில் 12.64 நொடி இடைவிடாமல் அனுப்புவதால், 100 வாட் ரிக்கை 40 வாட்டுக்கு மேல் ஏற்றாதீர்கள்.