பழைய பாலத்தைச் சோதிக்க எந்தச் சுத்தியல்?

பழைய கான்கிரீட் பாலங்களைச் சோதிக்கப் போகிறவர்கள் முதலில் கையில் எடுப்பது பெரும்பாலும் ரீபவுண்ட் ஹேமரைத்தான் (பரப்பில் மோதி எவ்வளவு எகிறுகிறது என்று எண்ணாகக் காட்டும் கருவி). செலவு குறைவு, வேலை சீக்கிரம் முடியும், அறிக்கையில் அட்டவணை போடவும் வசதி. எனக்கு அதன்மேல் பெரிய மரியாதை கிடையாது. அது அளப்பது கான்கிரீட்டின் மேல்தோல் எவ்வளவு கெட்டி என்பதை. காற்றிலுள்ள கரியமில வாயு பல வருடம் ஊறினால் அந்தத் தோல் இறுகும். கம்பியைத் துருவிலிருந்து காத்த காரத்தன்மையும் அதே ஊறலில் போய்விடும். அதாவது, கம்பிக்கு ஆபத்து நெருங்க நெருங்க ஹேமரின் எண் ஏறும்!

அதைவிடச் சாதாரணச் சுத்தியலால் தட்டிக் கேட்பதே மேல். நல்ல இடம் கணீரென்னும், உள்ளே பிரிந்த இடம் டொக்கென்னும். துரு, அது தின்ற இரும்பைப்போல 2 முதல் 6 மடங்கு வரை இடம் கேட்கும். அந்த நெருக்கலில்தான் கம்பியை மூடியிருக்கும் கவர் கான்கிரீட் பிளக்கிறது. குறை என்னவென்றால், டொக்கென்று கேட்கும்போது துரு வேலையைப் பாதி முடித்திருக்கும்.

முன்கூட்டியே தெரிய வேண்டுமென்றால் ஹாஃப் செல், அதாவது கம்பியின் மின்னழுத்தத்தை அளக்கும் சோதனை. ஒரு கம்பியைத் திறந்து ஒயர் கொடுத்து, செம்பு–செம்பு சல்பேட் மின்முனையை ஈரப்படுத்திய பரப்பில் கட்டம் கட்டமாக வைத்து வோல்ட்மீட்டரைப் பார்ப்பார்கள். −350 மில்லிவோல்ட்டுக்குக் கீழே போனால் அங்கே துரு நடந்துகொண்டிருக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு. ஆனால் எவ்வளவு வேகத்தில் என்று அது சொல்லாது. நீரில் மூழ்கிய பகுதியில் ஆக்சிஜன் இல்லாததாலேயே எண் கீழே இறங்கி ஏமாற்றும். அதனால் கூடவே துளைபோட்டு, ஆழத்துக்கு ஆழம் தூள் எடுத்துக் குளோரைடு (உப்பு) எவ்வளவு என்று பார்ப்பது அவசியம், கடலோரத்தில் ரொம்பவே. உப்பேறிய கான்கிரீட்டை விட்டுவிட்டு, உதிர்ந்த இடத்தை மட்டும் பூசினால், பூச்சைச் சுற்றியுள்ள கம்பி வேகமாகத் துருப்பிடிக்கும். அடுத்த சில வருடங்களில் பக்கத்திலேயே இன்னொரு பூச்சு.

இதெல்லாம் சாதாரணக் கம்பி போட்ட பாலத்துக்கு. கான்கிரீட்டை இறுக்கிப் பிடிக்க இழுத்துக் கட்டிய எஃகு, அதாவது இழுவிசைக் கேபிள், உள்ள பாலம் என்றால் கதை வேறு. உலோகக் குழாய்க்குள் போகும் கேபிளை ஹாஃப் செல்லும் பார்க்காது, ரேடாரும் பார்க்காது. 1971-இல் திறந்த, ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரக் கரோலா பாலத்தின் ஒரு பகுதி 2024 செப்டம்பர் 11 அதிகாலை எல்பே ஆற்றில் விழுந்தது. கட்டும்போதே ஈரம் பட்டுத் தொடங்கிய நுண்வெடிப்பு கேபிள் எஃகில் வருடக்கணக்காக வளர்ந்ததுதான் காரணம் என்றார்கள். இடிந்தது நடுப்பகலாக இருந்திருந்தால் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

இங்கே போட்டி இரண்டுக்குத்தான். ஒன்று, குழாயை உடைத்துத் திறந்து பார்ப்பது: உறுதியான பதில் கிடைக்கும், ஆனால் திறந்த இடத்துக்கு மட்டும். மற்றொன்று, ஒலி உணரிகளைப் பொருத்தி ஒயர் அறுபடும் சத்தத்துக்குக் காத்திருப்பது: பாலம் முழுக்கக் கேட்கும், ஆனால் பொருத்துவதற்கு முன் அறுந்ததைச் சொல்லாது. எதைத் தேர்ந்தாலும் முதலில் பழைய வரைபடத்தைத் தேடி எஃகு எந்த வகை என்று பார்த்துவிடுவேன். கரோலா பாலத்தில் இருந்த அதே ரக எஃகு என்பதால்தான் பாட் ஷண்டாவ் ஊரின் எல்பே பாலத்தை 2024 நவம்பரில் மூடினார்கள். பாரம் ஏற்றிச் சோதித்த பிறகே 2025-இல், அதுவும் எடை வரம்போடு, திறந்துவிட்டார்கள்.