ஏழு வருஷமா காலிபர்: தமிழ் ஈபுக்கெல்லாம் ஒரே இடத்துல சேத்து வெச்ச அனுபவம்

2018ல காலிபர் போட்டேன், ஈபுக்கையெல்லாம் அடுக்கி வெச்சு படிக்கிறதுக்கான சாஃப்ட்வேர் இது, அப்போ வெர்ஷன் 3. இப்போ 8 ஓடுது. இத்தனை வருஷத்துல ஃபோன் மூணு மாறிடுச்சு, லேப்டாப் ரெண்டு மாறிடுச்சு, லைப்ரரி மட்டும் அதே ஃபோல்டர்தான், 1,340 புக் ஆயிருக்கு, அதுல ஆயிரத்துக்கும் மேல தமிழ். தமிழ் புக் நிறைய வெச்சிருக்கவங்களுக்கு இதைப் பத்தி யாராவது விவரமா எழுதணும்னு ரொம்ப நாளா தோணிட்டே இருந்துச்சு, ஏன்னா இங்கிலீஷ்ல இருக்கிற வீடியோ எல்லாம் பாத்து செஞ்சா தமிழுக்கு பாதிதான் செட் ஆகும்.

ஆரம்பத்துல என்கிட்ட இருந்தது ஒரு டவுன்லோட்ஸ் ஃபோல்டர். மதுரைத் திட்டத்துல இருந்து எடுத்த பிடிஎஃப் (1998 பொங்கல்ல இருந்து தன்னார்வலர்கள் டைப் அடிச்சு ஏத்திட்டு இருக்காங்க, அவங்களுக்கு எத்தனை நன்றி சொன்னாலும் போதாது), ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்துல எடுத்த ஈபப் (ஈபுக்குக்குன்னே இருக்கிற ஃபைல் ஃபார்மட்), நூலகம் தளத்துல எடுத்த இலங்கை இதழ் ஸ்கேன், அப்புறம் கடையில காசு குடுத்து வாங்குனது. எது படிச்சது எது படிக்காததுன்னே தெரியாது, ஒரே புக்கை மூணு தடவை டவுன்லோட் பண்ணி வெச்சிருந்தேன்.

காலிபர் இலவசம், ஓப்பன் சோர்ஸ். கோவித் கோயல்னு ஒருத்தர் 2006ல சோனியோட ஈ-ரீடர் லினக்ஸ்ல வேலை செய்யலைன்னு தனக்காக எழுத ஆரம்பிச்சது, இன்னிக்கும் அவரேதான் கவனிச்சுக்கிறார். புக்கை உள்ள போட்டா அதுவே ஆத்தர் பேர்ல ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள புக் பேர்ல ஒரு ஃபோல்டர்னு அடுக்கி வெச்சுக்கும். நாம அந்த ஃபோல்டரைத் தொடவே கூடாது, எல்லாம் காலிபர் வழியாத்தான். இது முதல்ல பிடிக்கலை, இப்போ இதுதான் சரின்னு படுது.

சரி, மெயின் விஷயம். தமிழ் கலெக்ஷன்ல வேலை எல்லாமே பேர்லதான் இருக்கு. ஃபார்மட் மாத்துறது, கவர் போடுறது எல்லாம் காலிபர் பாத்துக்கும், பேரை மட்டும் நாமதான் பாக்கணும். எல்லாத்தையும் மொத்தமா இழுத்துப் போட்ட அன்னிக்கு ராத்திரி இடது பக்கம் ஆத்தர் லிஸ்டைத் திறந்து பாக்குறேன், பாரதியார், மகாகவி பாரதியார், சுப்பிரமணிய பாரதி, சி. சுப்பிரமணிய பாரதியார், சி.சுப்ரமணிய பாரதி, இப்படி ஒரே மனுஷன் அஞ்சு பேரா நிக்கிறாரு. மேனேஜ் ஆத்தர்ஸ்னு ஒரு இடம் இருக்கு, அங்க போய் ஒரு பேரை இன்னொண்ணு மாதிரியே மாத்தி அடிச்சா ரெண்டும் சேந்துடும். அன்னிக்கு ஆரம்பிச்சு கிட்டத்தட்ட ரெண்டு மாசம், தினம் அரை மணி நேரம் இதே வேலைதான்.

இதுல என்னை ரொம்ப நேரம் சுத்தவிட்டது ஸ்ரீ. ஒரே ஆத்தர் ரெண்டு தடவை வர்றாரு, எழுத்துக்கு எழுத்து பாக்குறேன், ஒரு வித்தியாசமும் இல்லை. அப்புறம்தான் புரிஞ்சுது, யூனிகோட்ல, அதாவது இப்போ எல்லா கம்ப்யூட்டர்லயும் எழுத்துக்கு இருக்கிற பொது முறையில, ஸ்ரீயை ரெண்டு விதமா எழுதலாம், ஒண்ணு ஸ வெச்சு, இன்னொண்ணு 2005ல சேத்த ஶ வெச்சு, திரையில ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும், கம்ப்யூட்டருக்கு ரெண்டும் வேற வேற. மொத்தமா புக்கை செலக்ட் பண்ணி எடிட் மெட்டாடேட்டாவுல (மெட்டாடேட்டான்னா பேர், ஆத்தர் மாதிரி புக்கைப் பத்தின விவரம்) சர்ச் அண்ட் ரிப்ளேஸ் போட்டு எல்லாத்தையும் ஒரே ஸ்ரீயா மாத்துனேன். உங்க கலெக்ஷன்லயும் இது கண்டிப்பா இருக்கும், ஒரு தடவை பாத்துடுங்க.

அடுத்து வரிசை. காலிபர் கடைசி வார்த்தையை சர்நேம்னு எடுத்துக்கிட்டு முன்னாடி தூக்கிப் போட்டுடும். மறைமலை அடிகள் "அடிகள், மறைமலை"ன்னு ஆயிடுவாரு, குன்றக்குடி அடிகளாரும் அவருக்குப் பக்கத்துலயே அ வரிசையில வந்து நிப்பாரு. நமக்கு சர்நேம் பழக்கமே இல்லையே. ப்ரிஃபரன்ஸஸ்ல ட்வீக்ஸ்னு இருக்கும், அதுல ஆத்தர் சார்ட் முறையை காப்பின்னு மாத்தணும், அப்போ பேர் எப்படி இருக்கோ அப்படியே வரிசை வரும். ஆனா ஏற்கனவே உள்ள இருக்கிற புக்குக்கு தானா மாறாது, மேனேஜ் ஆத்தர்ஸ்ல போய் திரும்ப கணக்கு போடச் சொல்லணும். இனிஷியல் இருக்கிறவங்க இனிஷியல்லயே வருவாங்க, எனக்கு அது ஓகே, உ.வே.சாவை உ-லதானே எல்லாரும் தேடுவோம்.

பிடிஎஃப் சேக்கும்போது இன்னொரு தொல்லை, டைட்டில் இருக்கிற இடத்துல மைக்ரோசாஃப்ட் வேர்ட்னு ஏதோ வந்து நிக்கும், யூனிகோடுக்கு முன்னாடி இருந்த பாமினி, டிஸ்கி மாதிரி பழைய எழுத்து முறையில அடிச்ச ஃபைலா இருந்தா புரியாத எழுத்தா கொட்டும். ஆடிங் புக்ஸ் செட்டிங்ல ஃபைல் பேர்ல இருந்து மட்டும் விவரம் எடுன்னு மாத்திட்டு, உள்ள போடுறதுக்கு முன்னாடியே ஃபைலுக்கு தமிழ்ல பேர் வெச்சிடுவேன். நெட்ல இருந்து மெட்டாடேட்டா இழுக்கிற பட்டன் தமிழ் புக்குக்கு எனக்கு பெருசா உதவலை, முக்காவாசி ஒண்ணும் கிடைக்காது, கிடைச்சா வேற புக்கோட அட்டை வரும். கையால போடுறதுதான் வழி. பொன்னியின் செல்வன் மாதிரி அஞ்சு பாகம் வர்றதுக்கு சீரீஸ்னு இருக்கிற இடத்துல 1 முதல் 5 வரை நம்பர் போட்டுடுங்க, வரிசை கலையாது.

இனி படிச்ச கணக்கு. நாமளே தனியா கட்டம் சேத்துக்கலாம், கஸ்டம் காலம்னு சொல்றாங்க. முதல்ல படிச்சாச்சு, படிக்கலைன்னு டிக் அடிக்கிற கட்டம்தான் வெச்சிருந்தேன். ஒரு வருஷம் கழிச்சு அதை எடுத்துட்டு தேதி கட்டமா மாத்துனேன், "முடிச்ச தேதி". காலியா இருந்தா படிக்கலைன்னு அர்த்தம், தேதி இருந்தா எந்த வருஷம் என்ன படிச்சேன்னு தேடிக்கலாம், ஒரே கட்டத்துல ரெண்டு வேலை முடிஞ்சுது. 2021ஐ போட்டுத் தேடுனா ஒன்பது புக் வந்துச்சு, அதே வருஷம் உள்ள சேத்தது 310. அந்த நம்பரைப் பாத்த அன்னிக்கு மனசு கொஞ்சம் கனமாயிடுச்சு. அதுக்கப்புறம் "அடுத்து"ன்னு ஒரு டேக் போட்டு அதுல அஞ்சு புக்குக்கு மேல வெக்கிறதில்லை, அந்த டேக் மட்டும் தெரியுற மாதிரி ஒரு வெர்ச்சுவல் லைப்ரரி, காலிபரைத் திறந்தாலே அந்த அஞ்சுதான் தெரியும். போன வருஷம் 34 முடிச்சேன்.

6.0ல வந்த ஃபுல் டெக்ஸ்ட் சர்ச் பத்தி கண்டிப்பா சொல்லணும். ஒரு வரி ஞாபகம் இருக்கு, எந்த புக்னு தெரியலைன்னா மொத்த லைப்ரரிக்குள்ளயும் தேடித் தரும். முதல் தடவை இன்டெக்ஸ் பண்ண ரொம்ப நேரம் எடுக்கும், ராத்திரி ஓட விட்டுடுங்க. ஸ்கேன் பிடிஎஃப் வெறும் படம்தான், அதுக்குள்ள தேட முடியாது. பாமினியில இருக்கிறதும் மாட்டாது, அதையெல்லாம் யூனிகோடுக்கு மாத்தி ஈபப்பா ஆக்குனாத்தான்.

ஒரு எச்சரிக்கை. 2022ல லைப்ரரி ஃபோல்டரை தானா சிங்க் ஆகுற ஒரு கிளவுட் ஃபோல்டருக்குள்ள தூக்கி வெச்சேன், ரெண்டு மெஷின்லயும் ஒரே நேரத்துல திறந்துட்டேன், மொத்த லிஸ்டும் இருக்கிற மெட்டாடேட்டா டாட் டிபி ஃபைல் போச்சு. திறந்தா லிஸ்ட் காலி. கை நடுங்கிடுச்சு, நாலு வருஷ வேலை. ஆனா ஒவ்வொரு புக் ஃபோல்டருக்குள்ளயும் ஓபிஎஃப்னு ஒரு சின்ன ஃபைல் இருக்கும், அந்த புக்கோட விவரம் எல்லாம் அதுல ஒரு காப்பி இருக்கு. லைப்ரரி மெயின்டனன்ஸ்ல ரீஸ்டோர் டேட்டாபேஸ் குடுத்தேன், கொஞ்ச நேரத்துல ஒவ்வொண்ணா திரும்பி வந்துச்சு, முடிச்ச தேதி உட்பட. அந்த ஒரு நாளுக்காகவே இந்த சாஃப்ட்வேருக்கு டொனேஷன் அனுப்பினேன். இப்போ லைப்ரரி லேப்டாப்லயேதான் இருக்கு, ஞாயித்துக்கிழமை காலிபரை மூடிட்டு எக்ஸ்டர்னல் டிஸ்க்ல ஒரு காப்பி.

கடைசியா அப்பா விஷயம். அவருக்கு கண்ணு சரியா தெரியாது, அச்சு புக் பிடிச்சுப் படிக்க முடியலை. கன்டென்ட் சர்வரை ஆன் பண்ணா வீட்டு வைஃபைலயே டேப்லட்ல பிரவுசர்ல மொத்த லைப்ரரியும் தெரியும், அவருக்குன்னு ஒரு லாகின் போட்டுக் குடுத்து எழுத்தை நல்லா பெருசாக்கி வெச்சேன். மறுநாள் காலையில டீ குடிச்சிட்டே, "ஏங்கண்ணு, நேத்து நான் விட்ட பக்கத்துலயே வந்து நிக்குதே"ன்னாரு. இப்போ ராத்திரி ஒன்பது ஆச்சுன்னா லேப்டாப் ஆன்ல இருக்கான்னு அவரே வந்து பாத்துட்டுப் போறாரு.