பெம்ஸ் கருவி: ஓடும் காரிலேயே புகையை அளக்க

பெம்ஸ் (PEMS) என்பது காரிலேயே பொருத்தி, ஓடும்போது புகையை அளக்கும் கருவி. ஆய்வகச் சோதனையில் தெரியாமல் மறையும் நைட்ரஜன் ஆக்சைடு என்ற நச்சு வாயு சாலையில் அகப்படுவது இந்தக் கருவியில்தான். ஐரோப்பாவில் 2017 முதல் புதிய மாடல்களுக்கு இந்தச் சாலைச் சோதனை கட்டாயம். ஒரு சோதனை ஓட்டம் 90 முதல் 120 நிமிடம். நகரம், ஊர்ப்புறம், விரைவுச்சாலை ஒவ்வொன்றிலும் குறைந்தது 16 கி.மீ.

பொருத்துவதில்தான் முழுக் கவனமும் வேண்டும். புகைக்குழாயை ஓட்ட அளவியோடு (வெளியேறும் புகையின் அளவை அளப்பது) இணைக்கும் சிலிகான் உறை சூட்டில் தளர்ந்தால் புகை கசியும், அளவு குறைவாகப் பதிவாகும். எஞ்சின் சூடானதும் கிளாம்பை இன்னொரு முறை முறுக்குங்கள். புகையின் மாதிரியைக் கருவிக்குக் கொண்டுபோகும் குழாயைச் சூடேற்றாவிட்டால் உள்ளே நீர் கோக்கும். மின்சாரம் தனி பேட்டரியிலிருந்துதான் வரவேண்டும். காரிலிருந்து எடுத்தால் எஞ்சின் சுமை கூடி முடிவு பிசகும். ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் ஜீரோ வாயு (மாசு இல்லாதது), ஸ்பான் வாயு (மாசின் அளவு முன்பே தெரிந்தது) இரண்டாலும் கருவியைச் சரிபார்ப்பதை விடவே கூடாது.

குறை ஒன்று: ஐடிலிங்கில், அதாவது கார் நின்றபடி எஞ்சின் மட்டும் ஓடும்போது, புகை ஓட்டம் குறைவதால் அளவியின் துல்லியமும் குறைகிறது. ஆனாலும் டீசல் காருக்கு இதைவிட நம்பகமான சோதனை இல்லை.