வெளியாள் வேட்பாளர்: டிரம்பைக் கரைசேர்த்த கணக்கு சாண்டர்ஸை ஏன் கைவிட்டது?

2016இல் அமெரிக்காவின் இரண்டு பெரிய கட்சிகளிலும் ஒரே சமயத்தில் ஒரு வெளியாள் அதிபர் வேட்பாளராக முயன்றார். குடியரசுக் கட்சியில் டொனால்ட் டிரம்ப். அதுவரை எந்தத் தேர்தல் பதவியிலும் இருந்ததில்லை. ஜனநாயகக் கட்சியில் பெர்னி சாண்டர்ஸ். கால் நூற்றாண்டாக நாடாளுமன்றத்தில் இருந்தாலும் சுயேச்சையாகவே இருந்தவர். பிரைமரிகள், அதாவது கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க மாநிலம் மாநிலமாக நடக்கும் உள்தேர்தல்கள், எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் டிரம்புக்கு ஏறக்குறைய 45 சதவீத வாக்கு, சாண்டர்ஸுக்கு 43. அந்த 45இலும் ஒரு பகுதி, போட்டியாளர்கள் எல்லோரும் விலகிய பிறகு சும்மா வந்து சேர்ந்தது. ஆனாலும் ஒருவர் வேட்பாளர் ஆனார், மற்றவர் வீடு திரும்பினார். வெளியாளை எடைபோட வருகிறவர்கள் வழக்கமாகப் பேச்சையும் கூட்டத்தையும்தான் பார்க்கிறார்கள். அவர் நிற்கும் கட்சி வாக்கை டெலிகேட்டாக, அதாவது வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கட்சி மாநாட்டுப் பிரதிநிதியாக, மாற்றும் விதத்தை முதலில் பார்ப்பதே சரி.

வாக்கு டெலிகேட்டாக மாறும் இடம்

குடியரசுக் கட்சியில் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. 2016இல் மார்ச் நடுப்பகுதிக்கு முன் வாக்களிக்கும் மாநிலங்கள் பொதுவாக விகிதாசாரப்படி பிரிக்க வேண்டும். அதற்குப் பின் வருபவை முதலிடம் பிடித்தவருக்கே மொத்தத்தையும் கொடுக்கலாம். முதல் நான்கு மாநிலங்களுக்கு விலக்கு உண்டு. அந்த விலக்கில் வந்த தெற்கு கரோலினாவில் டிரம்ப் வாங்கியது 32.5 சதவீதம். மூன்றில் இரண்டு பங்கு வாக்காளர்கள் அவருக்குப் போடவில்லை. இருந்தும் மாநில அளவில் முதலிடம், ஏழு தொகுதிகளிலும் முதலிடம் என்பதால் 50 டெலிகேட்களும் அவருக்கே போயின. புளோரிடாவில் 45.7 சதவீதத்துக்கு 99 பேரும்.

விகிதாசாரம் என்று எழுதியிருக்கும் இடத்திலும் ஏமாறக் கூடாது. டெக்சாஸில் பங்கு பெற 20 சதவீதம் என்ற கீழ்வரம்பு மாநில அளவிலும் தொகுதி அளவிலும் தனித்தனியாக இருந்தது. டிரம்பின் போட்டியாளர் மார்கோ ரூபியோ மாநில அளவில் 17.7 சதவீதம் வாங்கினார். அந்த மாநிலத்தின் 155 டெலிகேட்களில் அவருக்குக் கிடைத்தது 3. அங்கே ஜெயித்த டெட் குரூஸுக்கு 104, இரண்டாவதாக வந்த டிரம்புக்கு 48.

ஜனநாயகக் கட்சியில் எல்லா மாநிலத்துக்கும் ஒரே விதி: 15 சதவீதத்தைத் தாண்டியவர்களுக்குள் விகிதப்படி பங்கு, மாநில அளவிலும் தொகுதி அளவிலும் தனித்தனியாக. இதில் பெரிய வெற்றிக்குச் சிறிய பலன்தான். நான்கு டெலிகேட் உள்ள தொகுதியில் இருவர் மோதினால், 60-40 என்று ஜெயித்தாலும் 2-2 என்றே பிரியும். 3-1 ஆக்க 62.5 சதவீதம் வேண்டும். ஐந்து டெலிகேட் உள்ள தொகுதியிலோ 51-49 என்றாலே 3-2. தேர்ந்த பிரசாரக் குழு ஒற்றைப்படைத் தொகுதிகளில் பணத்தை இறக்குவது இதனால்தான்.

இந்த விதியில் முன்னிலை எடுத்தவரைத் துரத்திப் பிடிப்பது மிகக் கடினம். 2016 மார்ச் 8 அன்று நடந்ததைப் பாருங்கள். கருத்துக் கணிப்புகளைப் பொய்யாக்கி மிஷிகனில் சாண்டர்ஸ் ஜெயித்தார். செய்தி முழுக்க அவர்தான். டெலிகேட் கணக்கில் அது 67-63. அதே இரவு மிசிசிப்பியில் அவரை எதிர்த்த ஹிலாரி கிளிண்டன் 31-5 என்று எடுத்துக்கொண்டார். வரலாற்று வெற்றி என்று பேசப்பட்ட அந்த நாளின் முடிவில் சாண்டர்ஸ் மேலும் 22 டெலிகேட் பின்தங்கியிருந்தார்.

சூப்பர் டெலிகேட்கள்தான் அவரை வீழ்த்தினார்கள் என்ற பேச்சு இன்றும் ஓயவில்லை. பிரைமரி முடிவுக்குக் கட்டுப்படாத, கட்சித் தலைவர்களும் எம்பிக்களுமான அந்தக் கூட்டம் பெருமளவு கிளிண்டன் பக்கம் நின்றது உண்மை. ஆனால் வாக்கால் தீர்மானமான டெலிகேட்களை மட்டும் எண்ணினாலும் கிளிண்டனுக்கு 2,205, சாண்டர்ஸுக்கு 1,846. தொடக்கத்திலேயே கிளிண்டனைத் தவிர்க்க முடியாதவர் போலக் காட்டியது அவர்கள் செய்த வேலை. ஓட்டத்தை முடித்தது அவர்கள் அல்ல. சூப்பர் டெலிகேட்கள் மாநாட்டின் முதல் சுற்று வாக்கெடுப்பில் பொதுவாக வாக்களிக்கக் கூடாது என்று 2018இல் கட்சி விதியையே மாற்றியது. அடுத்த முறையும் சாண்டர்ஸ் தோற்றார்.

எதிரே எத்தனை பேர்

குடியரசுக் கட்சியில் 2016இல் முக்கிய வேட்பாளர்களே 17 பேர். தெற்கு கரோலினாவில் ரூபியோவும் குரூஸும் ஆளுக்கு 22 சதவீதத்தைச் சுற்றி வாங்கினார்கள். ஜெப் புஷ், கேசிக், கார்சன் மூவரும் ஆளுக்கு ஏழெட்டு சதவீதம். இவர்களில் யாரும் மற்றவருக்காக விலகத் தயாராக இல்லை. ஏப்ரல் 19 நியூயார்க் பிரைமரி வரை டிரம்ப் எந்த மாநிலத்திலும் பாதி வாக்கைத் தாண்டவில்லை. தாண்டத் தேவையும் இருக்கவில்லை.

சாண்டர்ஸுக்கு எதிரே நடைமுறையில் ஒரே ஆள்தான், அதுவும் கட்சி முழுதும் அறிந்த ஆள். 2020இல் நிலைமை தலைகீழ். எதிர்ப்பு பலராகச் சிதறியிருந்ததால் நெவாடா வரை அவரே முன்னணி. பிப்ரவரி 29 அன்று தெற்கு கரோலினாவில் ஜோ பைடன் பெரிதாக ஜெயித்தார். அடுத்த இரண்டு நாளில் மற்ற போட்டியாளர்களான பூட்டஜெஜும் குளோபுசாரும் விலகி பைடனை ஆதரித்தார்கள். மார்ச் 3 அன்று 14 மாநிலங்களில் 10 பைடனுக்கு. 2016இல் குடியரசுக் கட்சி மேலிடம் செய்ய முடியாததை ஜனநாயகக் கட்சி மூன்று நாளில் செய்து முடித்தது. ஆகவே 'முப்பது சதவீதம் உறுதியாகக் கையில் இருக்கிறது' என்று ஒரு வெளியாளின் ஆதரவாளர் சொன்னால், மீதி எழுபது எத்தனை பேரிடம் இருக்கிறது, எந்தத் தேதி வரை அப்படியே இருக்கும் என்று கேட்க வேண்டும்.

பணமும் வெளிச்சமும்

இங்கே சாண்டர்ஸ் முறைதான் மேல் என்பேன். அப்போது ஒருவர் பிரைமரிக்கு ஒரு வேட்பாளருக்குத் தரக்கூடிய உச்சவரம்பு 2,700 டாலர். பெரிய கொடையாளர் ஒரே காசோலையில் அதை முடித்துவிடுவார். மறுபடி கேட்க முடியாது. சாண்டர்ஸ் மேடைக்கு மேடை சொன்ன சராசரி 27 டாலர். அதாவது அதே ஆளிடம் நூறு முறை கேட்கலாம். தோற்ற பிறகும் பணம் வந்துகொண்டே இருக்கும், கடைசி மாநிலம் வரை ஓடலாம்.

டிரம்ப் கொஞ்சம் சொந்தப் பணத்தைக் கடனாகப் போட்டார், மீதியைத் தொலைக்காட்சி இலவசமாகக் கொடுத்தது. அதைக் காசாக மதிப்பிட்டவர்கள் 2016 மார்ச்சுக்குள்ளேயே 200 கோடி டாலருக்கு அருகில் என்றார்கள். இன்னொருவர் இதைத் திட்டமிட்டுப் பெற முடியாது. பெருங்கொடையாளர் வழியும் பத்திரம் இல்லை: ஜெப் புஷ்ஷை ஆதரித்த சூப்பர் பேக் (வரம்பில்லாமல் நிதி திரட்டும் தனி அமைப்பு) 10 கோடி டாலருக்கு மேல் திரட்டியது, அவருக்கு மிஞ்சியது 4 டெலிகேட்.

தாள் வேலை

வெளியாட்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். நியூயார்க்கில் அந்தந்தக் கட்சியில் பதிவு செய்தவர் மட்டுமே பிரைமரியில் வாக்களிக்கலாம். 2016 ஏப்ரல் பிரைமரிக்காகக் கட்சி மாற்றிப் பதிய வேண்டிய கடைசி நாள் 2015 அக்டோபர் 9. சாண்டர்ஸை விரும்பிய சுயேச்சை வாக்காளர்களில் பலர் விழித்துக்கொண்டபோது வாசல் அடைத்து ஆறு மாதம் ஆகியிருந்தது. டிரம்பின் மகள் இவான்காவும் மகன் எரிக்கும்கூட இதே விதியால் அப்பாவுக்கு வாக்குப் போட முடியவில்லை. டிரம்ப் அந்த மாநிலத்தில் தனக்கு இருந்த ஆதரவால் தப்பித்தார்.

வர்ஜீனியா இதைவிடக் கண்டிப்பாக இருந்தது. 2012 குடியரசுக் கட்சி பிரைமரியின் வாக்குச்சீட்டில் பெயர் ஏற 10,000 கையெழுத்து, அதில் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் குறைந்தது 400 வேண்டும். அந்த மாநிலத்திலேயே குடியிருந்த வேட்பாளர் நியூட் கிங்ரிச்சால் அதைக் காட்ட முடியவில்லை. வாக்குச்சீட்டில் ஏறியவர்கள் ராம்னியும் ரான் பாலும் மட்டும்.

அடுத்தது டெலிகேட் ஆட்களைத் தேர்ந்தெடுப்பது. மாநிலத்தில் ஜெயித்தால் எண்ணிக்கை கிடைக்கும். அந்த இருக்கைகளில் யார் உட்காருவது என்பதைப் பல மாநிலங்களில் உள்ளூர்க் கட்சி மாநாடுகள் தீர்மானிக்கும். முதல் சுற்றில் அவர்கள் பிரைமரி முடிவுக்குக் கட்டுப்பட்டவர்கள். முடிவு எட்டாமல் அடுத்த சுற்றுகளுக்குப் போனால் கட்டு அவிழும். குரூஸின் ஆட்கள் மாவட்டம் மாவட்டமாகப் போய் அந்த இருக்கைகளைப் பிடித்தார்கள். மக்கள் வாக்கெடுப்பே நடக்காத கொலராடோவில் மாநாட்டு வழியில் 34 பேரையும் அள்ளினார்கள். டிரம்ப் இந்த வேலைக்கென்று பால் மானஃபோர்ட்டை அமர்த்தியதே மார்ச் கடைசியில்தான். பெரும்பான்மைக்குத் தேவையான 1,237 டெலிகேட்களை அவர் எட்டாமல் போயிருந்தால் கிளீவ்லாந்தில் நடந்த கட்சியின் தேசிய மாநாட்டில் கதை வேறாகியிருக்கலாம்.

ஜெயித்த பின்

வெளியாளின் தகுதியாகச் சொல்லப்படுவது 'யாருக்கும் கடன்படாதவர்'. அதே காரணத்தால் அவருக்கு உதவக் கடமைப்பட்டவரும் யாரும் இல்லை. புதிய அதிபர் ஏறக்குறைய 4,000 பதவிகளுக்கு ஆள் போட வேண்டும். அவற்றில் சுமார் 1,200க்கு செனட் ஒப்புதல் தேவை. தேர்தல் முடிந்த அதே வாரத்தில் டிரம்ப் தன் ஆட்சிமாற்றக் குழுத் தலைவர் கிறிஸ் கிறிஸ்டியை நீக்கினார். பல மாதத் தயாரிப்பு வீணானது. 2017 ஜூலையில் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை மாற்றும் மசோதா செனட்டில் 49-51 என்று விழுந்தது. எதிர்த்தவர்களில் மூவர் அவர் கட்சிக்காரர்கள்.

இது டிரம்புக்கு மட்டும் வந்த சிக்கலும் இல்லை. வாஷிங்டனுக்கு வெளியே இருந்து 1976இல் வந்த ஜிம்மி கார்ட்டருக்கு இரு அவைகளிலும் சொந்தக் கட்சிக்குப் பெரும்பான்மை இருந்தது. அணை, கால்வாய்த் திட்டங்களை வெட்டப் போகிறேன் என்று வந்ததும் வராததுமாக அறிவித்து, அந்தத் தொகுதிகளின் சொந்தக் கட்சி எம்பிக்களையே பகைத்துக்கொண்டார். தலைமைப் பணியாளர் என்று ஒருவரை 1979 வரை நியமிக்கவும் இல்லை.

சாண்டர்ஸை இந்த வரிசையில் அப்படியே வைக்க முடியாது. பர்லிங்டன் மேயராக எட்டு ஆண்டு, செனட்டில் முன்னாள் படைவீரர் குழுவின் தலைவராக 2014இல் குடியரசுக் கட்சியின் ஜான் மெக்கெயினோடு சேர்ந்து ஒரு சட்டத்தை நிறைவேற்றிய அனுபவம் எல்லாம் அவருக்கு உண்டு. ஆட்சி நடத்தும் தகுதியில் டிரம்ப், சாண்டர்ஸ் இருவரில் என் வாக்கு சாண்டர்ஸுக்கே. பிரைமரியை ஜெயிக்கும் தகுதியில் டிரம்புக்குத்தான். அவர் நின்ற கட்சி மூன்றில் ஒரு பங்கு வாக்குக்கு முழு மாநிலத்தையும் கொடுத்தது; அவரை எதிர்த்த பதினாறு பேருக்கும் அது முன்கூட்டியே தெரிந்திருந்தது.