குழாய் எரிவாயுவா, கழிவுநீர் வாயுவா? எரிபொருள் மின்கலத்துக்கு எது தோது

கலிஃபோர்னியாவில் ஒரு கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் உருகிய கார்பனேட் வகை எரிபொருள் மின்கல அலகை (வாயுவை எரிக்காமல், உருகிய உப்பின் துணையோடு வேதிவினையால் மின்சாரமாக்குவது) நிறுவியபோது, அதற்கு எந்த வாயுவை ஊட்டுவது என்று முடிவு செய்த குழுவில் நானும் இருந்தேன். குழாயில் வரும் இயற்கை எரிவாயுவே போதும் என்றேன். இன்றும் அதையே சொல்வேன்.

கழிவுநீர்க் கசடு அழுகும்போது எழும் கழிவுநீர் வாயு நிலையத்திலேயே ஊறுவது, விலை கொடுக்க வேண்டாதது. நியூயார்க் மாநிலத்தின் யாங்கர்ஸில் 1997இலேயே 200 கிலோவாட் பாஸ்பாரிக் அமில வகை எரிபொருள் மின்கல அலகு அதைக் கொண்டு ஓடியது. அதில் மீத்தேன் ஏறத்தாழ 60 சதவீதம்தான் என்பது பெரிய குறையும் அல்ல. மீதியுள்ள கார்பன் டை ஆக்சைடு மின்னழுத்தத்தைச் சற்றே குறைக்கும், அவ்வளவுதான்.

சிக்கல் நுண்ணளவு மாசுகளில் இருக்கிறது. குழாய் வாயுவில் வாசனைக்காகச் சேர்க்கும் மெர்காப்டன் சில பிபிஎம் (பத்து லட்சத்தில் சில பங்கு) கந்தகத்தையே கொண்டுவரும். ஒரு கரிப்படுகை அதைப் பிடித்துவிடும். கழிவுநீர் வாயுவிலோ கந்தகம் கொண்ட ஹைட்ரஜன் சல்ஃபைடு நூற்றுக்கணக்கான பிபிஎம்மிலும், சில இடங்களில் ஆயிரத்தைத் தாண்டியும் வரும். அதையும் இரும்பு ஆக்சைடு படுகையால் அடக்கலாம். தப்பிய கந்தகம் மின்கலத்தின் நிக்கல் வினையூக்கியை முடக்கினாலும், தூய வாயு திரும்பினால் ஓரளவு மீளும். ஷாம்பு, முகப்பூச்சுகளிலிருந்து வரும் சிலாக்சேன் என்னும் சிலிக்கான் சேர்மம் அப்படியல்ல. அது சூட்டில் சிதைந்து சிலிக்காவாகி வினையூக்கியின் மேல் படிந்தால், பின்னர் எந்த வாயுவாலும் அதை அகற்ற முடியாது.

அதே வாயுவில் ஓடிய பக்கத்து எஞ்சினின் சிலிண்டர் தலையைக் கழற்றியபோது, உள்ளே கோலமாவு அப்பியதுபோல் வெள்ளையாகப் படிந்திருந்ததைக் கண்ட அன்றே என் மனம் முடிவாகிவிட்டது. எஞ்சினைச் சுரண்டி மாட்டலாம். மின்கல அடுக்கைச் சுரண்ட வழியில்லை. சிலாக்சேனைப் பிடிக்கும் கரியோ ஈரம் பட்டால் விரைவில் தளர்ந்துவிடும், தீர்ந்ததை வெளியே காட்டவும் செய்யாது. ஹைட்ரஜன் சல்ஃபைடை நிறம் மாறிக் காட்டும் சோதனைக் குழாயில் அங்கேயே பார்க்கலாம். சிலாக்சேன் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டும், அதற்குள் கரி தீர்ந்து சில நாட்கள் ஆகியிருக்கலாம்.

குழாய் வாயுவிலும் குறை உண்டு: குளிர்காலத்தில் புரொப்பேனும் காற்றும் கலந்து விடும் ஊர்களில், கார்பன் படிவதையும் ஆக்சிஜன் வினையூக்கியைக் கெடுப்பதையும் கவனிக்க வேண்டும்.

என் அனுபவம் இந்த ஒரு வகையோடு நிற்கிறது. திட ஆக்சைடு என்னும் வேறு வகை எரிபொருள் மின்கலங்களுக்கும் இதே கணக்கு பொருந்தும் என்று சொல்லத் துணியமாட்டேன். எங்கள் நிலையத்தின் வாயு இப்போதும் எஞ்சினுக்கே போகிறது. சிலிண்டர் தலையை அவ்வப்போது சுரண்டுகிறோம்.