மெத்தோட்ரெக்ஸேட்: பல வருஷம் சாப்பிட்டவளோட நல்லது, கெட்டது, கடுப்பு

கூட வேலை பாக்குற ஃப்ரெண்ட் மெசேஜ் போட்டிருந்தா, "டாக்டர் எனக்கும் அதே மருந்த எழுதிட்டாருடி, நெட்ல தேடினா கேன்சர் மருந்துன்னு வருது, நீ எப்படி இத்தனை வருஷமா சாப்பிடுற? நான் சாப்பிடலாமா?" அவளுக்கு டைப் பண்ண ஆரம்பிச்சு அது நீண்டுக்கிட்டே போச்சு, அதனால எல்லாருக்குமா சேத்து எழுதிடறேன். ருமட்டாய்டுன்னா (முடக்குவாதம்) என்ன, காலையில கை ஏன் கட்டை மாதிரி இருக்குதுன்னு எல்லாம் விளக்கப் போறதில்ல, அது தெரிஞ்சவங்கதான் இத படிப்பீங்க.

கேன்சர் விஷயத்த முதல்ல முடிச்சிடுவோம். ஆமா, அதே மருந்துதான். 1940கள்ல ரத்தப் புற்றுநோய்க்காக வந்தது, அத உருவாக்குன டீமுக்கு தலைமையா இருந்தவரு மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல படிச்சு அமெரிக்கா போன எல்லாப்பிரகட சுப்பாராவ் (இவர் பேரு ஏன் எந்தப் பள்ளிக்கூட புத்தகத்துலயும் பெருசா வரலன்னு எனக்கு தனியா ஒரு வருத்தம் உண்டு). கேன்சருக்கு கிராம் கணக்குல கூட ஏத்துவாங்க, நமக்கு வாரத்துக்கு 7.5லேர்ந்து 25 மில்லிகிராம்தான். அமெரிக்காவுல முடக்குவாதத்துக்கு 1988லயே அனுமதி குடுத்தாச்சு, நேத்து வந்த மருந்தில்ல.

வேலை செய்யுதா? செய்யுது. ஆனா உடனே இல்ல, 6லேர்ந்து 12 வாரம் வரைக்கும் ஆகும், அந்த இடைவெளிய ஸ்டீராய்டு வச்சு ஓட்டுவாங்க (அத டாக்டர் சொல்றபடி கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும், நல்லாயிடுச்சேன்னு நீங்களே பட்டுனு நிறுத்தக் கூடாது). எனக்கு அது எப்ப வேலை செய்ய ஆரம்பிச்சதுன்னே தெரியல. ஒரு நாள் காலையில தலை பின்னிக்கிட்டு இருக்கேன், கடைசி பின்னல் வரைக்கும் வந்து ரப்பர் பேண்ட் போடும்போதுதான் கவனிக்கிறேன், விரல பத்தி நினைப்பே வரல. அதுக்கு முன்னாடி பாதியில நிறுத்தி கைய வெந்நீர்ல வச்சுட்டு மறுபடி பின்றவ நான். அந்த ஒரு விஷயத்துக்காகவே இந்த மாத்திரைக்கு கோயில் கட்டலாம்.

இப்ப கடுப்புக்கு வரேன். இத வாரத்துக்கு ஒரு நாள்தான் சாப்பிடணும். மருந்தோட மொத்த பாதுகாப்பும் இந்த ஒரு வரியிலதான் இருக்கு, ஆனா இந்த வரிய தவிர மத்த எல்லாத்தையும் எல்லாரும் சரியா படிப்பாங்க. நான் வாங்கின ஒரு கடையில டாக்டர் வாரம் ஒரு தடவைன்னு தெளிவா எழுதியும் கவர்ல "தினமும் இரவு" ன்னு எழுதி நீட்டுறாங்க. இன்னொரு தடவை 2.5 மில்லிகிராம் கேட்டா 10 மில்லிகிராம் ஸ்ட்ரிப் வருது, என்னன்னு கேட்டா "அதே மருந்துதான் மேடம், கம்பெனி வேற" ங்கறாங்க. ஒரு தடவைக்கு 6 மாத்திரை சாப்பிடறவங்க அந்த ஸ்ட்ரிப்ல 6 பிச்சு போட்டா 15க்கு பதிலா 60 உள்ள போகும், அத யோசிக்கணுமா வேணாமா. தினமும் சாப்பிட்டா என்ன ஆகும்னா வாயெல்லாம் புண்ணாகி, எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்கள் செய்யறத குறைச்சு, கிருமி தொத்து வந்து உயிருக்கே ஆபத்தாகும். இந்த குழப்பத்துல உலகம் பூரா ஆளுங்க செத்திருக்காங்க, அதனாலதான் ஐரோப்பிய மருந்து ஏஜென்சி 2019ல பேக்கெட் மேலயே வாரம் ஒரு முறைன்னு எச்சரிக்கை வேணும், பாட்டில் கூடாது ஸ்ட்ரிப்ல குடுங்கன்னெல்லாம் சொல்லிச்சு.

எலும்பு தேய்மானத்துக்கு வாரம் ஒண்ணு போடுற அலெண்ட்ரோனேட் நாலு மாத்திரை பேக்கா வருது, மாசத்துக்கு நாலு, முடிஞ்சது கதை. இதுக்கு ஏன் எனக்கு அப்படி ஒரு பேக் கிடைக்கலன்னு எனக்கு ரொம்ப நாளா ஆத்திரம். சரி நியாயமா பாத்தா ஒருத்தருக்கு 4 மாத்திரை, இன்னொருத்தருக்கு 8, டோஸ் மாறிக்கிட்டே வேற இருக்கும், ஒரே பேக் எப்படி போடுவாங்கன்னு நானே அவங்க பக்கம் பேசுவேன், அடுத்த தடவை கடைக்கு போனதும் அந்த நியாயம் எல்லாம் பறந்துடும்.

இன்னொரு கூத்து ஃபோலிக் ஆசிட். மெத்தோட்ரெக்ஸேட் ஃபோலேட்ட (உடம்பு புது செல் செய்ய தேவைப்படற ஒரு பி வைட்டமின்) தடுக்கறதால அத ஈடு கட்ட குடுக்கறது, வாய்ப்புண்ணு, குமட்டல், லிவர் தொந்தரவு குறையும். எனக்கு வாரத்துல மெத்தோட்ரெக்ஸேட் போட்ட மறுநாள் போடச் சொல்லியிருக்காங்க, உங்க டாக்டர் வேற மாதிரி சொல்லலாம். பிரச்சனை என்னன்னா அதுவும் சின்ன மஞ்ச மாத்திரை, இதுவும் சின்ன மஞ்ச மாத்திரை. கண்ணாடி போடாம ராத்திரி லைட்ட அணைச்சிட்டு எடுக்கறவங்கள நினைச்சு பாருங்க. அதனால நான் மெத்தோட்ரெக்ஸேட்ட தினசரி மாத்திரை டப்பாவுல போடவே மாட்டேன், தனி டப்பா, மேல பெருசா "சனி" ன்னு மார்க்கர்ல எழுதியிருக்கு. சீட்டுலயும் கிழமைய எழுத்தால எழுதி குடுங்கன்னு டாக்டர்கிட்ட கேட்டு வாங்கிடுவேன், ஸ்ட்ரெங்த் எப்பவும் 2.5 மட்டும்தான். மறந்துட்டா ரெண்டு நாளுக்குள்ளன்னா எடுக்கலாம், அதுக்கு மேல போச்சுன்னா அந்த வாரம் விட்டுடணும், அடுத்த வாரம் டபுளா போடறதெல்லாம் வேணவே வேணாம்.

அடுத்து ஆன்டிபயாட்டிக். யூரின் இன்ஃபெக்ஷனுக்கு சாதாரணமா எழுதற ட்ரைமெத்தோப்ரிம், கோட்ரைமாக்ஸஸோல் இந்த ரெண்டும் இதோட சேரவே கூடாது, ரெண்டு பக்கமும் ஃபோலேட்ட அடிக்கறதால மஜ்ஜை படுத்துடும். எந்த டாக்டர்கிட்ட போனாலும், அது பல் டாக்டரா இருந்தாலும், உக்காந்ததும் முதல் வாக்கியமா "நான் மெத்தோட்ரெக்ஸேட்ல இருக்கேன்" னு சொல்லிடுங்க. காய்ச்சல், தொண்டை வலி, காரணம் இல்லாம வறட்டு இருமல், மூச்சு வாங்கறதுன்னு வந்தா அடுத்த டோஸ போடறதுக்கு முன்னாடி போன் பண்ணி கேளுங்க.

ரத்த டெஸ்ட் பத்தி எல்லாரும் புலம்புவாங்க, எனக்கு அதுல கோவமே இல்ல. முதல் மூணு மாசம் ரெண்டு லேர்ந்து நாலு வாரத்துக்கு ஒருக்க, அப்புறம் எல்லாம் சீரா இருந்தா மூணு மாசத்துக்கு ஒருக்க, ரத்த அணு, லிவர், கிரியாட்டினின் (கிட்னி எப்படி இருக்குன்னு காட்டறது) அவ்வளவுதான். நல்லாத்தானே இருக்கோம்னு தள்ளிப் போடறவங்கள பாத்தாதான் பயமா இருக்கு, ஏன்னா லிவர் எண் ஏறும்போது உடம்புக்கு ஒண்ணும் தெரியாது. எனக்கு ஒரு தடவை ஏறுச்சு, டோஸ குறைச்சு மறுபடி பாத்தாங்க, இறங்கிடுச்சு. குடிப்பழக்கம் இருக்கறவங்க அத டாக்டர்கிட்ட மறைக்காதீங்க. குழந்தை பெத்துக்கற யோசனை இருந்தா அது முன்னாடியே சொல்ல வேண்டிய விஷயம், இத நிறுத்தி சில மாசம் விட்டுத்தான் முயற்சி பண்ணணும், ஆனா நிறுத்தறதும் மாத்தறதும் டாக்டர் முடிவு. கூடவே ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் (முடக்குவாதத்துக்கு குடுக்கற இன்னொரு மாத்திரை) சாப்பிடறவங்க கண் டெஸ்ட்ட விடாதீங்க.

குமட்டல் இருக்கே, அது வேற லெவல். மாத்திரை உள்ள போன பிறகு வர்றது பரவால்ல, போடறதுக்கு முன்னாடியே வரும் பாருங்க, சனிக்கிழமை சாயங்காலம் ஆனாலே வாயில எச்சி ஊற ஆரம்பிச்சிடும், மஞ்ச கலர்ல எத பாத்தாலும் வயித்த புரட்டும். எனக்கு மட்டும்தானா இந்த பைத்தியம்னு நினைச்சேன், இல்லையாம், நிறைய பேருக்கு உண்டாம். டாக்டர்கிட்ட சொன்னா வழி இருக்கு, டோஸ அதே நாள்லயே ரெண்டா பிரிச்சு போடலாம், இல்லன்னா தோலுக்கு அடியில போடற ஊசிக்கு மாத்தலாம், டோஸ் கூடும்போது ஊசி நல்லா உடம்புல சேரும், வயித்தையும் அவ்வளவா படுத்தாது. ஊசி மருந்தும் மஞ்சதாங்கறது தனி சோகம்.

அப்ப சாப்பிடலாமான்னு கேட்டியே. டாக்டர் டெஸ்ட் எல்லாம் பாத்துட்டு எழுதியிருந்தா சாப்பிடு, ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எந்த கிழமைன்னு முடிவு பண்ணிக்கோ, மறுநாள் லீவா இருந்தா நல்லது. ரேட்டிங் கேட்டா 5க்கு 2. இன்னிக்கு சனிக்கிழமைடி, செவ்வாய்க்கிழமை கேட்டிருந்தா நாலரை குடுத்திருப்பேன்.